ஆட்டத்துக்கு முன்பே ஒலிக்கும் பெயர்கள்: ஹைஸ்மன் கோப்பையின் வரலாறு

1960களின் இறுதியில் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் கால்பந்தாட வந்து சேர்ந்த ஓர் இளைஞரின் பெயர் ஜோ தீஸ்மன். நியூ ஜெர்சியில் அவருடைய குடும்பத்தார் அப்பெயரை அவ்வாறுதான் ஒலித்துவந்தனர். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்தித் தொடர்பு அலுவலராக இருந்த ராஜர் வால்டிசெரி வேறொரு யோசனை சொன்னார். இனி அது 'தைஸ்மன்' என்று ஒலிக்கட்டும் என்றார். எழுத்துக்கூட்டலில் மாற்றம் ஏதுமில்லை. ஓர் உயிரொலி மட்டும் ஈகாரத்திலிருந்து ஐகாரமாயிற்று. தமிழ் யாப்பின்படி பார்த்தால் இரண்டாம் எழுத்து முன்பே ஒத்திருந்தது. ஆங்கில இயைபுக்கோ உயிரொலியும் ஒத்தாக வேண்டும். எதனோடு ஒத்தாக வேண்டும்? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த தனிநபர் விருதான 'ஹைஸ்மன்' கோப்பையின் பெயரோடு.

1970ஆம் ஆண்டின் விருது தைஸ்மனுக்குக் கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜிம் பிளங்கெட் அதனை வென்றார். தைஸ்மன் இரண்டாமிடம் பெற்றார். கோப்பை கைநழுவிய பின்னும் மாறிய ஒலி அவரைவிட்டு நீங்கவில்லை. தொழில்முறை ஆட்டக்காரராகி வாஷிங்டன் அணிக்குச் சூப்பர் பவுல் வெற்றி தேடித்தந்த காலத்திலும் அவர் தைஸ்மன்தான், இன்றும் அவ்வாறே.

ஒரு விருதுக்காக ஒரு குடும்பப்பெயரின் ஒலியே மாறியது என்பது வேடிக்கைச் செய்தியாகப் பலமுறை சொல்லப்பட்டதுண்டு. அதற்குள் அவ்விருதின் இயல்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. ஹைஸ்மன் கோப்பைக்கான போட்டி, பந்து களத்துக்கு வருவதற்கு முன்பே, பெயர்களுக்கிடையே தொடங்கிவிடுகிறது.

ஆண்டுதோறும் கோடையில் அமெரிக்க விளையாட்டு இதழ்களும் தொலைக்காட்சிகளும் பந்தய நிறுவனங்களும் அவ்வாண்டின் ஹைஸ்மன் எதிர்பார்ப்பாளர் பட்டியலை வெளியிடுகின்றன. ஆகஸ்ட் இறுதியில் பருவம் தொடங்குகிறது. டிசம்பரில் நியூயார்க்கில் விருது அறிவிக்கப்படுகிறது. இடையிலுள்ள மூன்றரை மாத ஆட்டமே விருதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் வாக்களிக்கும் முறையை அறிந்தால், கோடைப் பட்டியலுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது விளங்கும். நாடு ஆறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, மண்டலத்துக்கு 145 பேர் என 870 ஊடகவியலாளர்கள் வாக்களிக்கின்றனர். முன்னாள் வெற்றியாளர்களுக்கும் வாக்குரிமை உண்டு. பொதுமக்களுக்கெனச் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்த, அவற்றுக்கு முறையே 3, 2, 1 என்ற கணக்கில் புள்ளிகள் சேரும். உயர்மட்டப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. பெரும்பாலான ஆட்டங்கள் சனிக்கிழமைகளில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எந்த வாக்காளராலும் எல்லா அணியையும் பார்க்க இயலாது. எங்கே பார்க்க வேண்டும் என்பதை யாரேனும் அவருக்கு முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்தப் பணியைக் கோடைப் பட்டியல் செய்கிறது.

இந்தச் சிக்கல் விருதோடு கூடவே பிறந்தது. 1935இல் நியூயார்க்கின் டவுன்டவுன் அத்லெடிக் கிளப் முதன்முதலாக இக்கோப்பையை வழங்கியபோது மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ஆடியவர்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்பட்டனர். முதல் வெற்றியாளர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். அடுத்த ஆண்டு, தொழில்முறைக் கூட்டமைப்பான என்எஃப்எல் நடத்திய முதல் வீரர் தேர்விலும் முதலாவதாக அழைக்கப்பட்டவர் அவரே. எனினும் அவர் ஒரு நாளும் தொழில்முறைக் களத்தில் இறங்கவில்லை. கோப்பையை அவருடைய அத்தை கதவுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தினார் என்றொரு செய்தியும் உண்டு. அவர் ஆடிய சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் தன் கால்பந்து அணியையே கலைத்துவிட்டது. முதல் கோப்பைக்கு அன்றிருந்த மதிப்பு அவ்வளவே.

கிளப்பின் விளையாட்டு இயக்குநராக இருந்த ஜான் ஹைஸ்மன் 1936 அக்டோபரில் காலமானார். பந்தைக் கையால் முன்னோக்கி எறிவதை விதிகள் அனுமதிக்க வேண்டுமென்று நெடுங்காலம் வாதாடிய பயிற்சியாளர் அவர். 1906இல் அது நிறைவேறியது. 1916இல் கம்பர்லேண்ட் கல்லூரியை 222–0 என்று தோற்கடித்த ஜார்ஜியா டெக் அணியின் பயிற்சியாளரும் அவரே. அவர் மறைவுக்குப் பின் கோப்பை அவர் பெயரைத் தாங்கியது. நாடு முழுவதற்குமானதாகவும் விரிந்தது. தொலைக்காட்சி இல்லாத அக்காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரு வீரரைத் தெரிந்தெடுப்பது எப்படி? செய்தித்தாளும் வானொலியும் எந்தப் பெயரைத் தொலைதூரம் சுமந்து சென்றனவோ அந்தப் பெயரே தெரிந்தெடுக்கப்பட்டது. நோட்ர டேம் அணியின் ஆட்டங்கள் நாடெங்கும் ஒலிபரப்பாயின. கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவும் அதனைத் தம் சொந்த அணியாகவே கருதின. அவ்வணியின் வீரருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

இதன் விளைவு 1956இல் வெட்டவெளிச்சமாயிற்று. அவ்வாண்டு நோட்ர டேம் 10 ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது, எட்டில் தோற்றது. ஆயினும் விருது அவ்வணியின் பால் ஹோர்னங்குக்குச் சென்றது. தோல்வியே மிகுதியாகக் கண்ட ஓர் அணியிலிருந்து ஹைஸ்மன் வென்றவர் அன்றும் இன்றும் அவர் ஒருவரே. ஹோர்னங் திறமையற்றவர் அல்லர். எறிதல், ஓடுதல், உதைத்தல், தடுத்தல் என அனைத்தையும் அவர் செய்தார். பின்னாளில் கிரீன் பே அணியில் பெரும்புகழ் பெற்றார். ஆனால் அதே பருவத்தில் சிராகூஸ் பல்கலைக்கழகத்தில் ஜிம் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். கோல்கேட் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் அவர் தனியொருவராக 43 புள்ளிகள் எடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து கண்ட தலைசிறந்த ஓட்டக்காரர் என்று பலராலும் மதிக்கப்பட்டவர் அவர். 1956 வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாமிடம்.

ஒவ்வொரு வாக்காளரின் மனத்திலும் நிறவேற்றுமை எந்த அளவுக்குச் செயல்பட்டது என்பதை வாக்குச்சீட்டு சொல்லாது. பட்டியல் சொல்லும். 1935 முதல் 1960 வரை 26 பேர் இவ்விருதைப் பெற்றனர். அவர்களுள் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் அல்லர். தென்மாநிலப் பெரும் பல்கலைக்கழகங்களின் அணிகளில் அக்காலத்தில் கறுப்பினத்தவருக்கு இடமே இல்லை. கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட கல்லூரிகளில் ஆடியவர்களின் பெயர்களோ வெள்ளையர் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களை எட்டுவது அரிதாயிருந்தது. பெயர் அச்சேறாதவருக்கு வாக்கு விழுவதில்லை.

1961இல் அத்தடை உடைந்தது. உடைத்தவர் அதே சிராகூஸ் பல்கலைக்கழகத்தில், ஜிம் பிரவுன் அணிந்த அதே 44ஆம் எண் சட்டையை அணிந்து ஆடிய எர்னி டேவிஸ். விருது பெற நியூயார்க் வந்தவரை, அந்நகரில் இருந்த குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி சந்தித்துக் கைகுலுக்கினார். 1962 என்எஃப்எல் தேர்விலும் முதலாவதாக அழைக்கப்பட்ட டேவிஸ், கிளீவ்லாந்து அணியில் ஜிம் பிரவுனோடு இணைந்து ஆடவிருந்தார். அதற்குள் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல், 1963 மே மாதத்தில், தம் 23ஆம் வயதில் அவர் மறைந்தார். பிரவுனுக்கு மறுக்கப்பட்டது ஐந்தாண்டுக்குப் பின் டேவிஸுக்குக் கிடைத்தது என்று வரலாறு எழுதிக்கொள்ளலாம். பிரவுனின் ஐந்தாமிடம் அதனால் மாறிவிடவில்லை.

பெயர் தானாகப் பரவாத இடத்தில் அதைப் பரப்பும் கலை வளர்ந்தது. தைஸ்மனின் ஐகாரம் அக்கலையின் தொடக்ககால எடுத்துக்காட்டு. 1990இல் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் தன் வீரர் டை டெட்மருக்காக வாக்காளர்களுக்குக் காகிதத்தில் செய்த கழுத்துப்பட்டைகளை அனுப்பியது. ஆங்கிலத்தில் அவருடைய முதற்பெயரும் 'டை' கட்டுவதும் ஒரே ஒலி. டெட்மர் வென்றார். 1997இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் வீரர் ரயன் லீஃபுக்காகச் சிக்கனமான வழியொன்றைக் கண்டது. உறைக்குள் ஓர் இலையை மட்டும் வைத்து அனுப்பியது. 'லீஃப்' என்றால் இலை. அவருக்கு மூன்றாமிடம் கிடைத்தது. தமிழ்ப் புலவர் மரபில் சிலேடை என்று போற்றப்படுவதை இங்கே விளம்பரத் துறை கையாண்டது. மலைகளுக்கு அப்பால், தலைநகர நாளிதழ்கள் எட்டாத ஊர்களில் ஆடிய வீரரின் பெயரை வாக்காளரின் நாவில் ஒருமுறையேனும் புரளச் செய்வதே நோக்கம்.

அடுத்து வந்தது பெரும்பணம். 2001 கோடையில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜோயி ஹாரிங்டனுடைய உருவம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கருகே பத்து மாடி உயரத்துக்கு எழுந்து நின்றது. செலவு ஏறத்தாழ 2,50,000 டாலர். அவர் ஆடிய ஊருக்கும் அந்தப் பலகைக்கும் இடையே ஒரு கண்டமே கிடந்தது. வாக்காளர்களும் பெரிய ஊடகங்களும் கிழக்கே இருந்தமையால் பலகையும் கிழக்கே நின்றது. ஓரிகன் மிகச் சிறப்பாக ஆடியது. ஹாரிங்டன் நான்காமிடம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் முதல் ஹைஸ்மன் 2014இல்தான் வந்தது. அதனை வென்ற மார்கஸ் மரியோட்டா அவ்வாண்டுக் கோடைப் பட்டியலின் உச்சியில் வைத்துப் பேசப்பட்டவர். பட்டியல் எப்போதும் பொய்ப்பதில்லை என்பதற்கு அவரும் ஒரு சான்று.

பலகை எழுப்ப வசதியற்ற கல்லூரிகளின் கதை வேறு. மாசசூசெட்ஸின் ஹோலி கிராஸ் கல்லூரியில் தாக்குதல், தற்காப்பு இரண்டிலும் ஆடிய கோர்டி லாக்பாம் 1987இல் மூன்றாமிடம் வரை வந்தார். மிசிசிப்பியில் கறுப்பின மக்களுக்கெனத் தோன்றிய ஆல்கார்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் மெக்நேர் 1994இல் மூன்றாமிடம் பெற்றார். இவர்கள் ஆடியது உயர்மட்டப் பிரிவில் அன்று. எதிரணிகள் வலிமை குன்றியவை என்ற வாதம் அவர்களுக்கெதிராக எப்போதும் இருந்தது. அதில் உண்மையும் ஓரளவு இருந்தது. ஆயினும், பிற்காலத்தில் என்எஃப்எல்லின் மதிப்புமிக்க வீரர் விருதை மெக்நேர் பகிர்ந்துகொண்டபோது, அந்த வாதத்தின் எல்லையும் தெரிந்தது.

இடம் மட்டுமன்று, களத்தில் நிற்கும் நிலையும் பெயரைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணிக்குப் பதினொருவர். அவர்களில் பந்தைப் பெற்று, யாரிடம் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் குவாட்டர்பேக். அவருக்கு முன்னே நின்று எதிராளிகளைத் தடுக்கும் ஐவர் இல்லாவிட்டால் அவரால் ஒரு பந்தையும் எறிய முடியாது. ஆனால் புகைப்படக் கருவி பந்தைப் பின்தொடர்கிறது. 2000 முதல் 2025 வரை வழங்கப்பட்ட 26 விருதுகளில் 21 குவாட்டர்பேக்குகளுக்கே சென்றன. முன்வரிசைத் தடுப்பாளர்களில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973இல் இரண்டாமிடம் வரை வந்ததே பெரும் நிகழ்ச்சி. கோடைப் பட்டியலில் தடுப்பாளர் பெயரைத் தேடுவது வீண்வேலை.

பெயருக்கும் பருவத்துக்கும் நடந்த மோதலைக் காட்ட 1997ஐவிடத் தெளிவான ஆண்டில்லை. டென்னசி பல்கலைக்கழகத்தின் பெய்டன் மேனிங் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்லாமல் நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே தங்கினார். கோடையிலேயே விருது அவருக்கென்று எழுதப்பட்டுவிட்டது. டிசம்பரில் அறிவிக்கப்பட்ட பெயரோ மிச்சிகனின் சார்லஸ் வுட்சன். முதன்மையாகத் தற்காப்பு ஆட்டக்காரராக இருந்து இவ்விருதை வென்றவர் அவர் ஒருவரே. டென்னசி மாநில ரசிகர்கள் அந்த முடிவை நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

மேனிங் குடும்பத்தின் கணக்கு அதோடு முடியவில்லை. தந்தை ஆர்ச்சி மேனிங், தைஸ்மன் இரண்டாமிடம் பெற்ற அதே 1970இல் மூன்றாமிடம் பெற்றவர். இளைய மகன் ஈலை 2003இல் மூன்றாமிடம். பேரன் ஆர்ச் மேனிங் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் குவாட்டர்பேக்காக 2025 பருவத்தில் காலடி வைக்கும் முன்பே பந்தய விகிதங்களில் முதலிடத்தில் நின்றார். அதற்குமுன் அவர் தொடக்க வீரராகக் களமிறங்கிய கல்லூரி ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் டெக்சாஸ் 14–7 என்று தோற்றது. டிசம்பரில் கோப்பையை ஏந்தியவர் இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டோ மெண்டோசா. பள்ளி முடிக்கும் காலத்தில் பெரிய அணிகள் தேடிவராத வீரர் அவர். முதலில் யேல் பல்கலைக்கழகத்தில் சேரவே ஒப்புக்கொண்டிருந்தார். அவர் வென்றதோ, தோல்விகளுக்குப் பேர்போன இந்தியானாவின் வரலாற்றில் முதல் ஹைஸ்மன். மூன்று தலைமுறையாகப் பட்டியலில் இடம்பெறும் மேனிங் என்ற பெயர் கோப்பையின் மீது இன்னும் பொறிக்கப்படவில்லை.

இத்தகைய கவிழ்ப்புகள் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. 2012 கோடையில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாட் பார்க்லி முதன்மை எதிர்பார்ப்பாளர். வென்றவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மான்செல். முதலாண்டு ஆட்டத் தகுதியில் இருந்தபோதே ஹைஸ்மன் வென்ற முதல் வீரர். 2019இல் லூசியானா ஸ்டேட்டின் ஜோ பர்ரோவுக்குப் பருவத்துக்கு முன் கிடைத்த பந்தய விகிதம் ஒன்றுக்கு இருநூறு. வாக்கெடுப்பு முடிந்தபோது, விருது வரலாற்றிலேயே மிகப் பெரிய புள்ளி வித்தியாசத்தில் அவர் வென்றிருந்தார். இதன் காரணம் தொழில்நுட்பத்தில் இருக்கிறது. இன்று ஏறத்தாழ எல்லா ஆட்டமும் திரையில் கிடைக்கிறது. செப்டம்பரில் ஒருவர் செய்த சாகசம் அன்றிரவே நாடெங்கும் பரவிவிடுகிறது. 1956இல் நோட்ர டேமுக்கு இருந்த ஏகபோகம் இன்று எவருக்கும் இல்லை.

ஆனால் பட்டியலின் பிடி தளர்ந்த அதே காலத்தில் அதன் விலை உயர்ந்திருக்கிறது. 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் விருப்பம்போல் அனுமதிக்க வழிதிறந்தது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயர், உருவம் ஆகியவற்றைப் பயன்படுத்திப் பொருளீட்டலாம் என்றாயிற்று. கோடைப் பட்டியலில் இடம்பெறும் பெயர் இப்போது விளம்பர ஒப்பந்தமாகவே மாறக்கூடியது. இம்மாற்றத்தின் நிழல் ஒரு பழைய வழக்கின் மீது விழுகிறது. 2005இல் விருது வென்ற ரெஜி புஷ், தம் குடும்பத்தார் விதிக்குப் புறம்பாகப் பணமும் வசதிகளும் பெற்றனர் என்ற விசாரணையை அடுத்து 2010இல் கோப்பையைத் துறந்தார். கல்லூரி விளையாட்டின் பொருளாதாரம் அடியோடு மாறிவிட்டதைச் சுட்டி, 2024 ஏப்ரலில் ஹைஸ்மன் அறக்கட்டளை அதனை அவருக்கே திருப்பியளித்தது. வீரர்களின் பெயரால் கல்லூரிகளும் தொலைக்காட்சிகளும் பல பத்தாண்டுகள் ஈட்டின. பெயருக்கு உரியவர் மட்டும் தொடக்கூடாது என்றிருந்த விதிதான் மறைந்தது.

2019 டிசம்பரில் கோப்பையைப் பெற்ற ஜோ பர்ரோ, தாம் வளர்ந்த தென்கிழக்கு ஒஹாயோவைப் பற்றி மேடையில் சில வாக்கியங்கள் பேசினார். அங்கே வறுமை மிகுதி என்றும், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகள் பலருக்கு மேசையில் போதிய உணவில்லை என்றும், தாம் அவர்களுக்காகவும் அந்த மேடையில் நிற்பதாகவும் கண்கலங்கச் சொன்னார். அவற்றைக் கேட்ட ஓர் ஊர்க்காரர் ஏதென்ஸ் வட்டார உணவு வங்கிக்காக நிதி திரட்டத் தொடங்கினார். அடுத்த சில வாரங்களில் 5,00,000 டாலருக்கும் மேல் சேர்ந்தது. ஏதென்ஸ் என்ற பெயரை அதுவரை கிரேக்கத்தோடு மட்டுமே இணைத்து அறிந்திருந்த பலர் அன்றுதான் ஒஹாயோவிலும் ஓர் ஏதென்ஸ் இருப்பதை அறிந்தனர்.

அந்த ஊரின் பெயரும் அவ்வாண்டின் எந்தக் கோடைப் பட்டியலிலும் இருந்ததில்லை.